நூதனசாலை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற சமூகம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பாதியில் விட்டுவிட்டு கருத்துப் பகுதியில் ஏச வேண்டாம். முழுவதும் வாசித்துவிட்டு ஏசுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

போன தவணை எங்கள் பாடசாலையில் தரம் 8 பிள்ளைகளுக்கு ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்தோம். தூர இடம் இல்லை. கொழும்புக்குள்ளேயே. காலையில் தேசிய நூதனசாலை. அங்கிருந்து புறக்கோட்டை இளவரசர் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலை. ளுஹரை சிவப்புப் பள்ளியில் தொழுதுவிட்டு, அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன விளக்கம். பிறகு காலிமுகத்திடல், பட்டம், அஸர், வீடு. ஒரு பஸ், ஒரு நாள். பகல் சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவது.

பெற்றோர் கூட்டத்தில் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். முதல் கேள்வி: "சேர், என்னத்துக்கு எங்கட புள்ளயள செல பாக்க கூட்டிக்கொண்டு போற?" இரண்டாவது: "இது சோதனக்கு வருமா சேர்?" மூன்றாவது, பின்வரிசையில் இருந்து: "அங்க என்ன சேர் இருக்கு, பழய சாமான்தானே. புள்ளயளுக்கு போரடிக்கும்."

கால் மணித்தியாலத்தில் திட்டம் மாறிவிட்டது. கடைசியில் எங்கே போனோம் தெரியுமா? ஒரு பெரிய கடைத் தொகுதிக்கு. பிள்ளைகள் மின்படியில் ஏறி இறங்கினார்கள். காசு போட்டு விளையாடும் இயந்திரங்களில் விளையாடினார்கள். பேர்கர் சாப்பிட்டார்கள். ஒரு பிள்ளைக்குச் செலவான காசு, நூதனசாலைக்குப் போயிருந்தால் செலவாகியிருக்கக்கூடியதை விடப் பல மடங்கு. அந்தச் சுற்றுலாவுக்கு ஒரு பெற்றோர் கூட "இது சோதனைக்கு வருமா?" என்று கேட்கவில்லை.

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது என் பிழை. அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

இந்தச் சுற்றுலாவுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு வேறு பாடசாலைப் பிள்ளைகளோடு நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு எங்கள் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில், மற்றப் பாடசாலைப் பிள்ளை ஒன்று எங்கள் தரம் 8 மாணவியிடம் கேட்டிருக்கிறது: "நீங்க எப்ப இந்த நாட்டுக்கு வந்தீங்க?" அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வீட்டில் கேட்டதைக் கேட்டிருக்கும். எங்கள் பிள்ளை பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "சேர், நாங்க எங்கேருந்து வந்த?"

இந்தக் கேள்வியை நம் பிள்ளைகளிடம் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். 2019க்குப் பிறகு இன்னும் கூடுதலாகக் கேட்பார். பள்ளி மிம்பரில் நின்று "நாங்கள் இந்த நாட்டில் ஆயிரம் வருடமாக வாழும் சமூகம்" என்று நாம் சொல்கிறோம். தேர்தல் மேடையிலும் சொல்கிறோம். சரி. ஆதாரம் எங்கே என்று பிள்ளை கேட்டால்? ஆதாரம் இருக்கிறது. கல்லில் இருக்கிறது, கட்டடத்தில் இருக்கிறது, கிதாபில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நாம் போவதில்லை.

நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. காலி மும்மொழிக் கல்வெட்டு என்று சொல்வார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. அதில் உள்ள திகதி 1409ஆம் ஆண்டுக்குரியது. ஒரே கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெய்வேந்திரமுனைக் கோயிலில் இருந்த தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை. பாரசீகப் பகுதி முஸ்லிம்களுக்கு உரியது. மூன்று பகுதியிலும் சொல்லப்படும் காணிக்கைகள், பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. யாருக்கும் கூட இல்லை, யாருக்கும் குறைவு இல்லை. அந்த செங் ஹவும் சீனாவின் யுனான் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

யோசித்துப் பாருங்கள். போர்த்துக்கேயன் இந்தக் கரைக்கு வந்தது 1505இல். அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே, இலங்கையின் தென்கரையில் ஒரு கல்லை நாட்ட வந்தவர், இங்கே கணக்கில் எடுக்க வேண்டிய மூன்று சாரார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வந்திருக்கிறார். மூவரில் ஒரு சாரார் நாம். இதை விட என்ன பதில் வேண்டும் அந்தப் பிள்ளைக்கு?

அந்தக் கல் எப்படிக் கிடைத்தது என்பதும் தெரிய வேண்டும். 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகுக்கு மூடியாக, முகம் கீழே கவிழ்த்துப் போடப்பட்டிருந்ததைத்தான் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். மேலே மாட்டு வண்டி போயிருக்கும், மனிதர் நடந்திருப்பார்கள். கீழே மூன்று சமூகத்தின் பெயரும் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பாரசீகப் பகுதிதான் மிச்சம் தேய்ந்துபோனது.

இனி அந்தக் கட்டடத்துக்கு வருவோம். தேசிய நூதனசாலையை 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி திறந்தவர் ஆளுநர் வில்லியம் கிரகரி. வரைபடம் போட்டவர் பொதுவேலைத் திணைக்களத்தின் கட்டடக் கலைஞர் ஸ்மிதர். கட்டியவர் யார்? அரசி மரைக்கார் வாப்புச்சி மரைக்கார். நம்முடைய ஆள். கோட்டைப் பொதுத் தபாலகம், புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம் எல்லாம் அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கட்டடங்கள்.

நம் பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. வேலை முடிந்ததும், உனக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று ஆளுநர் கேட்டாராம். எனக்குப் பட்டம் பதவி வேண்டாம், இந்தக் கட்டடத்தை வெள்ளிக்கிழமைகளில் மூடி வைத்தால் போதும் என்று மரைக்கார் கேட்டாராம். கதையை நம்புங்கள், நம்பாமல் விடுங்கள். ஆனால் அந்த நூதனசாலை நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது.

ஜும்ஆவுக்காக மூடச் சொன்ன மனிதர் அவர். மற்ற ஆறு நாளும் நாம் போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதை நாமாகவே முடிவு செய்துகொண்டோம்.

இன்னும் ஒன்று. 1892இல் மருதானையில் ஸாஹிறாவாக வளர்ந்த மத்ரஸாவைத் தொடங்கியபோது, சித்திலெப்பை, ஒராபி பாஷா ஆகியோரோடு சேர்ந்து நின்றவரும் இதே வாப்புச்சி மரைக்கார்தான். நூதனசாலையைக் கட்டிய கைதான் பாடசாலையைத் தொடங்கவும் உதவியது. இரண்டும் ஒரே வேலை என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. நமக்குத்தான் விளங்கவில்லை.

இப்போது கூட்டத்தில் வந்த கேள்விகளுக்கு வருகிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள்.

"சிலை பார்ப்பது கூடாதே?"

நான் மௌலவி இல்லை. ஃபத்வா கொடுக்க வரவில்லை. ஆனால் சாதாரண அறிவுக்கு ஒரு கேள்வி. பார்ப்பதும் வணங்குவதும் ஒன்றா? பூமியில் பயணம் செய்து முன்னிருந்த சமூகங்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள் என்று நம்முடைய வேதமே திரும்பத் திரும்பச் சொல்கிறது. பார்க்காமல் எப்படிப் பாடம் எடுப்பது? ஸஹாபாக்கள் எகிப்துக்குப் போனார்கள். பிரமிட்டும் அதன் முன்னால் இருக்கும் சிங்க உடல் சிலையும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.

இன்னும் சொல்கிறேன். நம் ஊர் நானாமார் எத்தனை பேர் கட்டாரில், அபூதாபியில் வேலை செய்கிறார்கள்? தோஹாவில் இஸ்லாமியக் கலை நூதனசாலை 2008இல் திறந்தார்கள். அபூதாபியில் லூவர் 2017இல் திறந்தார்கள். அதன் குவிமாடத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துப் போடுகிறீர்கள். நானும் விருப்பம் போட்டிருக்கிறேன். உள்ளே புத்தர் சிலையும் இருக்கிறது, மற்றச் சிலைகளும் இருக்கின்றன. அங்கே உங்கள் ஈமானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். அப்படியென்றால் கொழும்பில் உங்கள் மகளின் ஈமானுக்கு மட்டும் என்ன ஆகப்போகிறது?

எந்தச் சிலையும் இல்லாத இடங்களுக்காவது போகிறோமா? புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள ஜாமிஉல் அல்ஃபார், சிவப்புப் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். அதை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக் கலை படித்துப் பட்டம் பெற்றவர் இல்லை. சுயமாகக் கற்றவர். மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களைச் செங்கல்லில் எழுப்பினார். இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்து கொழும்புக்கு வருகிறவனும் அந்தத் தெருவில் கழுத்தை வளைத்து நின்று படம் எடுக்கிறான். நாம் அதே தெருவில் துணி எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து போகிறோம். எங்கள் வகுப்பில் 34 பிள்ளைகள். அந்தப் பள்ளிக்குள்ளே போனவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். 5 கைகள். எல்லாம் ஆண் பிள்ளைகள்.

"இது சோதனைக்கு வருமா?"

வரும். வரலாறு சாதாரண தரத்துக்குக் கட்டாய பாடம். கண்டி மன்னனின் சிம்மாசனத்தைப் புத்தகத்தில் ஒரு மங்கலான படமாகப் பார்க்கிற பிள்ளைக்கும், 1934இல் பிரித்தானியாவிலிருந்து திரும்பி வந்த அந்தச் சிம்மாசனத்துக்கு முன்னால் நின்று பார்த்த பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லையா? ஆனால் இந்தப் பதிலோடு நான் நிறுத்த விரும்பவில்லை. சோதனைக்கு வராதது எதுவும் பிள்ளைக்குத் தேவையில்லை என்று நினைக்கிற சமூகம், சோதனை முடிந்த அடுத்த நாள் பிள்ளையோடு கதைக்க ஒன்றுமில்லாத சமூகமாகத்தான் ஆகும்.

"காசு?"

மன்னிக்க வேண்டும். ஒரு கொத்து ரொட்டிக் காசு கூட வராது. கோட்டையில் 138 பஸ்ஸில் ஏறினால் கிட்டவே இறங்கலாம். வருட ஆரம்பத்தில் விகாரமாதேவி பூங்காவுக்குப் பக்கத்து வீதியோரத்தில் கலா பொல நடக்கும். 1993இலிருந்து நடக்கிறது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓவியர்கள் வந்து மரத்தடியில் படங்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. கூட்டம் நிறைய. அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள். சித்திரப் பாடத்துக்கு 'ஏ' எடுத்த நம் பிள்ளைகள் எத்தனை பேர், ஒரு உண்மையான ஓவியன் தூரிகை பிடிப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்?

"பொம்பிளைப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?"

கடைத் தொகுதிக்கு எப்படி அனுப்பினீர்களோ, அப்படியே.

சரி. பெற்றோரை மட்டும் ஏசினால் அது நியாயம் இல்லை. மற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

கறுவாத்தோட்டத்துக் கலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கண்காட்சி, ஒரு நாடகம், ஒரு இசை நிகழ்ச்சி என்றால் அழைப்பை ஆங்கிலத்தில் போடுகிறீர்கள். கூடிப்போனால் சிங்களத்தில் ஒரு வரி. பிறகு "இந்த நிகழ்ச்சி எல்லோருக்கும்" என்கிறீர்கள். மாளிகாவத்தையில், வாழைத்தோட்டத்தில், கொம்பனித்தெருவில் ஒரு சுவரொட்டியைத் தமிழில் ஒட்டினீர்களா? செய்ய ஏலாத காரியம் இல்லை. 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை மூன்று மொழியிலும் விளக்கம் எழுதி, நுழைவுக் கட்டணம் இல்லாமல் காட்டுகிறது. அவர்களால் முடியும் என்றால் உங்களாலும் முடியும். மொழியால் கதவைப் பூட்டிவிட்டு, இந்தப் பகுதி ஆட்களுக்குக் கலை ரசனை இல்லை என்று சொல்லாதீர்கள்.

பள்ளி நிர்வாக சபைகளுக்கு ஒரு வார்த்தை. பொடியன்கள் பெருநாள் இரவில் மோட்டார் சைக்கிளில் காலிமுகத்திடலைச் சுற்றுகிறார்கள் என்று குத்பாவில் ஏசுகிறீர்கள். நியாயம். ஆனால் அந்தப் பொடியனுக்கு மாலை 5 மணிக்குப் பிறகு நம் பகுதியில் போக என்ன இருக்கிறது? சந்தி இருக்கிறது. சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கையில் போன் இருக்கிறது. நாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தோம். றபான் அடிப்பது சரியில்லை என்றோம். பைத் படிப்பது பித்அத் என்றோம். நாடகம் தேவையில்லை என்றோம். படம் வரைவது சந்தேகம் என்றோம். எல்லாக் கதவையும் மூடிவிட்டோம். ஐஸ் விற்கிறவன் மட்டும் இரவு முழுக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறான். பொடியன் எந்தக் கதவால் போவான்?

மார்க்கத்தின் எல்லைக்குள் எது கூடும், எது கூடாது என்று உலமாக்கள் உட்கார்ந்து சொல்லட்டும். அதைக் கேட்க நான் தயார். ஆனால் "கூடாது" என்ற பட்டியலோடு "இது கூடும், வா மகன்" என்கிற ஒரு பட்டியலும் வர வேண்டும். அந்த இரண்டாவது பட்டியலை இன்றுவரை நான் காணவில்லை.

இந்த நகரத்தின் பொழுதுபோக்கிலும் கலையிலும் நமக்குப் பங்கு இல்லாமல் இல்லை. சேலத்தில் 1919இல் பிறந்து, இங்கே வந்து, 1991இல் மறையும் வரை இந்த நாட்டுக்காகப் பாடியவர் மொஹிதீன் பேக். அவருடைய குரல் இல்லாமல் இன்றைக்கும் கொழும்பில் வெசாக் வருவதில்லை. அவர் பாடியது எல்லாவற்றுக்கும் நீங்கள் உடன்பட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் அந்தக் குரல் கேட்கும்போது, இது ஒரு முஸ்லிமின் குரல் என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்குத் தெரியும். 1869இல் இதே கொழும்பில் மலாய் மொழிப் பத்திரிகை ஒன்று அறபு வடிவ எழுத்தில் வெளிவந்தது. கொம்பனித்தெருவில் எத்தனை மலாய்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்திரிகையின் பெயர் தெரியும்? "அலாமத் லங்காபுரி". பெயரையாவது ஒரு தரம் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு. அதாவது எனக்கு.

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் மற்றவர்களை மட்டும் ஏசினால் அது நேர்மை இல்லை.

எங்கள் உம்மும்மாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் அறபுத்தமிழ்க் கிதாபுகள் இருந்தன. அறபு எழுத்து, மொழி தமிழ். உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அறபுத்தமிழை மழை பெய்கிற மாதிரி வாசிப்பார். மாலை வாசிப்பார், தொழுகைச் சட்டம் வாசிப்பார், பிள்ளைப் பேற்றுக்கு ஓதுவதை வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அரசாங்கப் பதிவில் இருந்த பெண், தன் வாழ்நாள் முழுக்க வாசித்துக்கொண்டே இருந்தார். அவர் மௌத்தான பிறகு பெட்டி எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது. ஒரு கிதாபின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த திகதிகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். என் வாப்பாவின் பெயரும் அதில் இருந்தது.

2019 மே மாதம். வீட்டுக்கு வீடு சோதனை நடந்த நாட்கள். அறபு எழுத்தில் எது இருந்தாலும் பயம். அதில் இருப்பது தமிழ் என்று சோதனைக்கு வருகிறவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வாப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உம்மா அழுதார். நான்தான் பெட்டியை இறக்கினேன். கிதாபுகளை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, பிசைந்து, மூன்று பைகளாகக் கட்டினேன். இரவு 11 மணி. பிறந்த திகதி எழுதிய பக்கத்தை மட்டுமாவது கிழித்து வைத்திருக்கலாம். அந்த நேரம் அது கூடத் தோன்றவில்லை.

நான் கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் உட்கார்ந்து "முதல்நிலை ஆதாரம்" என்றால் என்ன என்று படித்தவன். காலையில் வகுப்பில் அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். இரவில் என் குடும்பத்தின் முதல்நிலை ஆதாரத்தை வாளியில் கரைத்தேன். எங்கள் வீட்டுக்குச் சோதனைக்கு யாரும் வரவே இல்லை.

இப்படி எத்தனை வீடுகள்? உங்களில் எத்தனை பேர் இதை வாசித்துவிட்டு உங்கள் வீட்டு வாளியை நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் வெளியில் சொல்வதில்லை.

2023 டிசம்பரில் நெதர்லாந்து ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுபோனவை. லெவ்கே திசாவையின் பீரங்கி அதில் ஒன்று. 258 வருடத்துக்குப் பிறகு அவை கொழும்பு நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. கொள்ளை போன சாமான் கூட ஒரு நாள் திரும்பி வரும். கொண்டுபோனவன் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். நான் வாளியில் கரைத்தது எங்கிருந்து திரும்பி வரும்?

அதனால் இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. அமைச்சர் வந்து நாடா வெட்டத் தேவையில்லை.

ஒன்று: நம் பகுதிப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு தடவையாவது தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளை நூதனசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். சும்மா சுற்றிக் காட்டுவது இல்லை. போவதற்கு முன் ஒரு பாடவேளை, வந்த பிறகு ஒரு பாடவேளை. ஒவ்வொரு பிள்ளையும் தான் பார்த்த ஒரே ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும்.

இரண்டு: மத்ரஸாக்களும் வரட்டும். அந்த மும்மொழிக் கல்லுக்கு முன்னால் ஒரு ஹஸ்ரத் தன் மாணவர்களோடு நின்று விளக்கம் சொல்கிற நாளை நான் பார்க்க வேண்டும்.

மூன்று: வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய கிதாபு, நிக்காஹ் பதிவு, கடிதம், படம், கல்யாண அழைப்பு, எதையும் வீச வேண்டாம். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். போனில் படம் எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மலாய்க் குடும்பங்களின் கையெழுத்துப் பிரதிகள் அப்படித்தான் வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்துப் பாதுகாக்கப்பட்டன. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் முஸ்லிம் ஆவணங்களுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. எப்படி எடுப்பது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். காசு வாங்க மாட்டேன். எனக்கு ஒரு கடன் இருக்கிறது, அதை அடைக்கிறேன்.

நான்கு: பள்ளி நிர்வாக சபைகள் அறிவித்தல் பலகையில் ஜனாஸா அறிவித்தலுக்கும் நன்கொடைப் பட்டியலுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன இடம் ஒதுக்கட்டும். இந்த மாதம் நகரத்தில் பிள்ளைகளோடு போகக்கூடிய கண்காட்சி, புத்தகக் கண்காட்சி, நாடகம் என்னென்ன என்று தமிழில் எழுதிப் போடட்டும். எழுதித் தர ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

இதைச் சொன்னால் சிலர் கேட்பார்கள்: சமூகத்துக்கு இதை விட முக்கியமான பிரச்சினை இல்லையா, சாமான் விலை என்ன, பிள்ளைகளின் சாப்பாடு என்ன? இருக்கிறது. நானும் அதே கடையில்தான் அரிசி வாங்குகிறேன். ஆனால் இது அரிசிக் காசில் கைவைக்கிற விசயம் இல்லை. கடைத் தொகுதிக்குச் செலவழித்த காசில் ஒரு பங்குதான் கேட்கிறேன்.

அந்த மாணவியின் கதை பாதியில் நிற்கிறது.

பஸ்ஸில் கல்லைப் பற்றிச் சொன்னபோது அவள் கேட்டாள்: "அத பாக்க ஏலுமா சேர்?" ஏலும், வாப்பாவிடம் சொல்லு என்றேன். அவளுடைய வாப்பா த்ரீவீல் ஓட்டுகிறார். கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து "பழய சாமான்தானே" என்று சொன்னவர் அவர்தான். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளின் கரைச்சல் தாங்காமல் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திங்கட்கிழமை காலை பாடசாலை வாசலில் என்னைக் கண்டு த்ரீவீலை நிறுத்தினார்.

"சேர், பதினாலு வருசமா வெள்ளக்காரனுகள அந்த கேட்டடியில எறக்குறேன். அவனுகள் உள்ளுக்கு போய் வாற வரைக்கும் வெளிய மரத்துக்குக் கீழ இருப்பேன். நேத்துத்தான் சேர் உள்ளுக்கு போன. கல்ல பாத்த. மகள்தான் எல்லாத்தையும் சொல்லித் தந்த."

கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டார்:

"அந்தக் கட்டடத்தையும் எங்கட ஆள்தான் கட்டினதாமே. ஏன் சேர் இத ஒருத்தரும் எங்களுக்கு சொல்லல்ல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலை 9 மணிக்கு நூதனசாலை வாசலில் நான் நிற்பேன். இந்தப் பதிவுக்கு ஏசுகிறவர்களும் வரலாம். உள்ளே நடந்துகொண்டே ஏசுங்கள், கேட்டுக்கொண்டே வருகிறேன்.

வஸ்ஸலாம்.